பார்த்ததை மட்டும்

வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவர்கள் தங்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிக்கொள்வது வழக்கம். அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர் எங்கள் அப்பா. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், ஒரே காம்பவுண்டுக்குள், வாடகைக்கு விடும் ஆறு வீடுகள் எங்களுக்கு இருந்தன. நாலாம் நம்பர் காலியானபோது பார்க்க வந்த அந்த அக்கா, அப்பா எதுவும் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

“அண்ணாச்சி, நானும் எங்க வீட்டுக்காரரும் ரெண்டு பேருதான். தளவாய்புரத்துல இருந்து எங்க அக்கா வருசத்துக்கு ஒரு மாசம் வந்து இருப்பா. அப்ப மூணு பேரு. முந்தி இருந்த வீட்டுல ஓனரோட சண்ட வந்துதான் காலி பண்ணுதோம். கூரை ஒழுகுச்சு, கேட்டேன். கேட்டது அவியளுக்குப் பிடிக்கல.”

“இத எதுக்கும்மா எங்கிட்ட சொல்லுத?” என்றார் அப்பா.

“பொறவு வேற யாரும் சொல்லித் தெரிஞ்சா, நான் மறச்சதா ஆயிரும்லா.”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றே சாவியைக் கொடுத்தார். சாப்பிடும்போது அம்மாவிடம், “பொய் சொல்லத் தெரியாத பொம்பள. நமக்குத் தொந்தரவு இருக்காது” என்றார். முதல் பாதி சரியாகத்தான் இருந்தது.

அக்கா குடிவந்து ஏழாவது வருடம், நான் கல்லூரி முடித்துவிட்டு, அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் இருந்தேன். அப்பாவுக்கு வேண்டிய கடிதங்கள், வாடகை ஒப்பந்தங்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் அடித்துக்கொடுப்பது என் வேலை. அக்காவுக்கு அப்போது நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைச் சேலையில் சர்ச்சுக்குப் போவார். மற்ற ஆறு நாளும் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனியில் வேலை. நெய்து, வெளுத்து வந்த துணியை ஒரு விளக்குப் பெட்டி மேல் ஓடவிட்டுக் கறை, பிசிறு, முடிச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நாள் முழுக்க அதையே பார்த்தால் சலிக்காதா என்று ஒரு முறை கேட்டேன்.

“புண்ணுல சுத்துத துணி பாப்பா. கறை இருக்கும்னு நெனச்சு ஒதுக்குனா கம்பெனிக்கு நட்டம். இருக்காதுன்னு நெனச்சு விட்டா எவனுக்கோ சீழ் பிடிக்கும். அங்க நெனக்கதுக்கு எடமே இல்ல. பாக்கணும், அம்புட்டுதான்.”

வேலையில் மட்டும் அப்படி இருந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். எல்லாவற்றிலும் அப்படித்தான் இருந்தார். ஒரு நாள் அப்பாவின் ஸ்கூட்டரில் முன்பக்கம் பெரிய கீறல். ஐந்தாம் நம்பரில் குடியிருந்த லோடு ஆட்டோ டிரைவரைக் கூப்பிட்டு, வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது இடித்துவிட்டாய் என்று அப்பா சத்தம் போட்டார். அவன் இல்லை என்றான். காம்பவுண்டே கூடிவிட்டது. குழாயடியில் குடத்தோடு நின்றிருந்த அக்கா, குடத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

“அண்ணாச்சி, அது நீங்கதான். முந்தாநாள் கேட்டு பாதி தொறந்து கெடக்கும்போதே வண்டிய உள்ள விட்டீக. நான் துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன், பாத்தேன்.”

அப்பா கேட்டைப் பார்த்தார். இரும்புக் கம்பியில் ஸ்கூட்டரின் நீலப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. உள்ளே போய்விட்டார். டிரைவர் அன்றிலிருந்து அக்காவைச் சாமி மாதிரி பார்த்தான். அவன் மனைவி அப்போது முதல் குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தாள். அக்கா அவளுக்கு மீன் குழம்பு வைத்துக் கொடுப்பார்.

எங்கள் காம்பவுண்டுக்கு ஒரு கிணறு. அதிலிருந்து மோட்டார் வைத்து மேல்தொட்டிக்கு ஏற்றி, ஆறு வீட்டுக்கும் குழாய் வழியாக விடுவோம். நகராட்சித் தண்ணீர் சில நாளுக்கு ஒரு முறைதான் வரும். அது தீர்ந்தால் குடிக்கவும் கிணற்றுத் தண்ணீர்தான். அந்த வருடம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. கிணறு மேலே வரை ஏறியது. தண்ணீரில் ஒரு வாடை வந்தது.

அக்கா அப்பாவிடம் வந்து சொன்னார். “மழைக்குக் கலங்கத்தாம்மா செய்யும். ரெண்டு நாள்ல தெளிஞ்சுரும்” என்றார் அப்பா. பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். அப்பா அதையே சொன்னார். மூன்றாவது முறை கையில் ஒரு கடிதத்தோடு வந்தார். அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டியது நான்தான். கோடு போட்ட தாளில், அச்சடித்தது போன்ற கையெழுத்தில் இருந்தது. கழிவறைத் தொட்டியின் மூடியைச் சுற்றி ஈரம் காய்வதே இல்லை. தொட்டியிலிருந்து கிணறு என் கால் அடிக்குப் பதினாறு அடி. மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. கடைசியாக ஒரு வரி: ‘வீட்டுக்காரர் வீட்டில் இந்த மாதத்திலிருந்து கேன் தண்ணீர் இறங்குகிறது. பார்த்தேன்.’

கேன் தண்ணீர் வாங்கச் சொன்னது அப்பாதான். ஏன் என்று நானும் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. மூன்று பேருக்கும் தெரிந்துதான் இருந்தது.

அப்பா கெட்டவர் இல்லை. புதுத் தொட்டி கட்ட வேண்டுமென்றால் பழையதை இடிக்க வேண்டும், முன்வாசல் தரையைத் தோண்ட வேண்டும், ஒரு மாதம் வேலை. தை பிறக்கட்டும் என்று மனதுக்குள் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் காம்பவுண்டில் மஞ்சள் காமாலை வந்துவிட்டது. முதலில் இரண்டாம் நம்பர் பையனுக்கு. அப்புறம் ஐந்தாம் நம்பரில், ஆறு மாதக் கர்ப்பமாக இருந்த டிரைவரின் மனைவிக்கு. ராஜபாளையத்து டாக்டர் பார்த்துவிட்டு, உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் காம்பவுண்டு ஆண்கள் எல்லாம் அக்கா வீட்டு வாசலில் கூடினார்கள். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் தெரியும், பேச்சும் கேட்கும். வாடகையை நிறுத்துவோம் என்றான் ஒருவன். அப்பாவின் வண்டியை மறித்து நாலு சாத்து சாத்துவோம் என்றான் இன்னொருவன்.

“வாடகைய நிறுத்துனா நாமதான் தப்பு பண்ணவங்களா ஆவோம். அடிச்சா போலீஸ் நம்மளத் தேடி வரும், தொட்டியத் தேடி வராது” என்றார் அக்கா. “நகராட்சியில சுகாதாரம் பாக்குத ஆபீஸ் இருக்குல்லா. நாளைக்கு லீவு போட்டுட்டுப் போறேன்.”

மறுநாள் மத்தியானம் சுகாதார ஆய்வாளர் ஒருவர் வந்தார். கையில் விரல் நீளத்துக்கு, உள்ளே மருந்து தடவிய சின்னக் குப்பி. கிணற்றுத் தண்ணீரை அதில் குறிகாட்டும் கோடு வரை பிடித்து மூடினார். “இது ஒரு நாள் இருக்கட்டும். கறுப்பானா, மலம் கலந்திருக்குன்னு அர்த்தம்” என்று சொல்லி, பெரிய பாட்டிலிலும் தண்ணீர் பிடித்துச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். குப்பியை அக்கா வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார். அன்று முழுக்க யாராவது ஒருவர் போய் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மறுநாள் காலையில் நானும் போனேன். உள்ளே இருந்தது மை மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு அப்பாவுக்கு நோட்டீஸ் வந்தது. தொட்டியைச் சரிசெய்ய வேண்டும், அதுவரை கிணற்றுத் தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது என்று. தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் விடிந்ததும் என்னைப் பார்த்துச் சொன்னார்: “குடிக்கக் கூடாதாம்ல. அப்பொறம் எதுக்கு மோட்டாரு? ஏட்டி, போய் ஆஃப் பண்ணிட்டு ரூம பூட்டிட்டு வா.”

நான் போனேன். சுவிட்சை அணைத்தேன். பூட்டைப் பூட்டினேன். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது, முற்றத்தில் யாரும் இல்லை. ஆறு வீட்டுக்காரர்களும் குளிக்க, துவைக்க, கழிவறைக்குத் தெருமுனை அடிகுழாயிலிருந்து குடத்தில் சுமக்க ஆரம்பித்தார்கள். அக்காவும் சுமந்தார். என்னைக் கடக்கும்போது எப்போதும் போல, “சாப்டியா பாப்பா?” என்றார்.

அவர் நகராட்சிக்கு மறுபடி போனதும், ‘தொட்டி விஷயத்தில்தான் எங்களால் நடவடிக்கை எடுக்க முடியும், வீட்டுக்காரர் தண்ணீரை நிறுத்தியது வாடகைத் தகராறு’ என்று அங்கே சொன்னதும், “அப்ப அத யாருகிட்ட கேக்கணும்?” என்று இவர் கேட்டதும் எனக்குப் பிறகுதான் தெரியும். வாடகைத் தகராறு பார்ப்பதற்கென்றே வருவாய்த்துறையில் அதிகாரி உண்டு, அதற்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் இலவச சட்ட உதவி கேட்டுப் பாருங்கள், இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மறுநாளே பஸ் ஏறிவிட்டார்.

திரும்பி வந்தவர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா ஈஸிசேரில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, ஸ்ரீவில்லிபுத்தூருல மனு குடுத்துட்டு வாரேன். உங்களுக்குக் கடிதம் வரும். ஒளிச்சுச் செஞ்சதா இருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போக வந்தேன். மனுவுல என்ன எழுதிருக்கேன்னு ஒரு காப்பி இந்தா இருக்கு.”

அப்பா வாங்கவில்லை. அக்கா அதை மேஜையில், காற்றுக்குப் பறக்காமல் கண்ணாடிக்கூட்டுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். ஒருவர்மேல் புகார் கொடுத்துவிட்டு, அந்தப் புகாரை அவர் கையிலேயே கொண்டுவந்து கொடுப்பவரை நான் அதுவரை பார்த்ததில்லை. அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

மதுரையில் டிரைவர் மனைவி பிழைத்துக்கொண்டாள். குழந்தை பிழைக்கவில்லை.

அவன் ஊருக்கு வந்த அன்று நேராக நாலாம் நம்பருக்குப் போனான். நான் மாடியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“எக்கா, ஸ்ரீவில்லிபுத்தூருல போய் நீங்கதான் சொல்லணும். இந்தாளு தண்ணிதான் எம்பிள்ளையக் கொன்னுச்சுன்னு சொல்லணும். நீங்க சொன்னா நம்புவாக.”

அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “டாக்டர் சீட்டுல மஞ்சக்காமாலைன்னு எழுதிருக்கு. தண்ணி சோதனையில மலம் கலந்துருக்குன்னு எழுதிருக்கு. ரெண்டு தாளையும் பக்கத்துப் பக்கத்துல வைப்பேன் தம்பி. அதுக்கு மேல, இதாலதான் அதுன்னு யாரும் எனக்கு எழுதித் தரல. நான் சொல்ல மாட்டேன்.”

அவன் கையை உதறிக்கொண்டான். “நீங்களும் ஓனர் பக்கமா?” என்றான். அவர் சமைத்துக் கொடுத்துவிட்ட பாத்திரங்கள் அவன் வீட்டில் இருந்தன. ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அவர் வாசலில் வைத்துவிட்டுப் போனான். அன்று அக்காமேல் எனக்குமே கோபம் வந்தது. அவன் பக்கம் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் என்ன கெட்டுப்போகும் என்று நினைத்தேன். அப்படி நினைத்த நான் யாருடைய மகள் என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவில்லை.

அப்பா ஒரு வக்கீலைப் பிடித்தார். பதில் மனுவை அடித்தது நான். வக்கீல் சொல்லச் சொல்ல அடித்தேன். அதில் ஒரு வாக்கியம்: ‘மோட்டார் பழுதான காரணத்தால் நீர் வழங்கல் தற்காலிகமாக நின்றுபோனது.’ அடித்து முடித்துப் பிரிண்ட் எடுத்து, அப்பாவிடம் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தேன்.

சொன்ன நாளில் அப்பாவும் நானும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். ஃபைலைத் தூக்கிக்கொண்டு போகத்தான் என்னைக் கூட்டிப்போனார். நான் சினிமாவில் பார்த்த கோர்ட் மாதிரி கூண்டு எதுவும் இல்லை. ஒரு அறை, நீள மேஜை, பிளாஸ்டிக் நாற்காலிகள். நடுவில் நீதிபதி அம்மா ஒருவர், பக்கத்தில் இன்னும் இரண்டு பேர். எதிரில் அக்கா. பின்னால் காம்பவுண்டு ஆட்கள். டிரைவர் கடைசியில், சுவரில் சாய்ந்து நின்றான்.

நீதிபதி அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார், இங்கே யாரையும் தண்டிக்கப் போவதில்லை, இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் எழுதிக் கையெழுத்துப் போடலாம், ஒத்துவராவிட்டால் வாடகை அதிகாரியிடமோ கோர்ட்டுக்கோ போகிற வழி திறந்தே இருக்கிறது என்று. பிறகு அக்காவைக் கேட்டார்.

“வீட்டுக்காரர் உங்களை மிரட்டினாரா?”

“இல்லீங்கம்மா.”

“காலி பண்ணச் சொன்னாரா?”

“வாயால சொல்லலீங்கம்மா.”

பின்னால் முணுமுணுப்பு. யாரோ தலையில் அடித்துக்கொண்டார்கள். எங்கள் வக்கீல் முகத்தில் சிரிப்பு.

“வேற ஏதாவது தொந்தரவு?”

“இல்லீங்கம்மா. ஏழு வருசமா இருக்கேன். அண்ணாச்சி மரியாதையாத்தான் நடத்துனாக. எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்தப்ப அவுகதான் வண்டி பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாக. தொட்டி மட்டும்தான் கெட்டுப்போச்சு. மூணு தடவ சொன்னேன், செய்யல. அதுக்குத்தான் வந்துருக்கேன்.”

டாக்டர் சீட்டையும் தண்ணீர்ச் சோதனைத் தாளையும் மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நீதிபதி அம்மா ஒன்றை வாசித்தார். அடுத்ததை வாசித்தார். திரும்ப முதல் தாளுக்குப் போனார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

“மோட்டார் பழுதுன்னு பதில்ல போட்டிருக்காங்க. நீங்க யாரோ ஆஃப் பண்ணிட்டதா எழுதியிருக்கீங்க. யார் பண்ணினது? பார்த்தீங்களா?”

அக்கா திரும்பி என்னைப் பார்க்கவில்லை. “ரூமு பூட்டியிருந்தத பாத்தேங்கம்மா. பூட்டுனவங்களப் பாக்கல.”

எங்கள் வக்கீல் எழுந்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். பார்க்காததைச் சொல்ல முடியாது, ஆகவே மோட்டார் பழுது. அவ்வளவுதான், முடிந்துவிடும். யாரும் என்னைக் கேட்கவில்லை. எந்த விரலும் என் பக்கம் நீளவில்லை. நான் எழுந்து நின்றது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

“மோட்டார் நல்லா இருக்குது மேடம். நான்தான் ஆஃப் பண்ணினேன். பூட்டினதும் நான்தான். இதுல பழுதுன்னு டைப் பண்ணினதும் நான்தான்.”

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நீதிபதி அம்மாவைப் பார்த்து, “நான் சொல்லித்தாங்கம்மா அவ செஞ்சா” என்றார். பிறகு நாற்காலியில் முழுதாகத் திரும்பி, சுவரோரம் நின்ற டிரைவரைப் பார்த்தார். இரண்டு கையையும் கூப்பினார். அவன் வெளியே போய்விட்டான்.

அன்றே எழுதிக் கையெழுத்தானது. அன்று சாயங்காலமே தண்ணீர் விட வேண்டும், குடிக்க மட்டும் லாரித் தண்ணீர். பழைய தொட்டியை மூடிவிட்டுக் காம்பவுண்டின் மறுகோடியில் புதிதாகக் கட்ட வேண்டும். கிணற்றை இறைத்து, மருந்து போட்டு, மறுபடி சோதித்த பிறகே குடிக்கவிட வேண்டும். டிரைவர் வீட்டு ஆஸ்பத்திரிச் செலவை அப்பா ஏற்க வேண்டும். இந்தக் கடைசி வரியை யாரும் கேட்கவில்லை, அப்பாவாகச் சொல்லிச் சேர்த்தது. ஆனாலும் அந்தக் குடும்பம் அடுத்த மாதமே செட்டியார்பட்டிக்குக் குடிபோய்விட்டது. போகும்போது அக்காவிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அக்கா கேட்டருகில் நின்று, சாமான் ஏற்றிய ஆட்டோ திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

கிணற்றை இறைத்த நாளில் நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்படி ஆனது. அதுவரை கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன். “எக்கா, நான்தான் ஆஃப் பண்ணேன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“செருப்புச் சத்தம் கேட்டுச்சு. ஒன் சத்தம் மாதிரிதான் இருந்துச்சு.”

“பொறவு ஏன் சொல்லல?”

“அந்தம்மா பாத்தியான்னுல்லா கேட்டாக” என்றார். பிறகு கிணற்றுக்குள் பார்த்தபடியே, “நீ சொல்லுவன்னு நெனக்கல பாப்பா. சொல்லாம இருந்தாலும் ஒன்னத் தப்பா நெனச்சிருக்க மாட்டேன். அப்பாவாச்சே” என்றார்.

புதுத் தொட்டிக்குக் குழி தோண்டியபோது அப்பா அவரைக் கூப்பிட்டனுப்பினார். இரண்டு பேரும் பல நாள் பேசியிருக்கவில்லை. “கெணத்துல இருந்து போதுமா தூரம்னு நீயே பாத்துச் சொல்லும்மா” என்றார். அக்கா கால் அடி வைத்து அளந்தார். கொத்தனார் சிரித்துக்கொண்டே டேப்பை நீட்டினார். வாங்கி டேப்பாலும் அளந்தார். வேலை முடிந்து, தண்ணீர் சோதனையில் சுத்தம் என்று வந்த மறுநாள், குறை சரிசெய்யப்பட்டது என்று நகராட்சிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அவரே எழுதிப்போட்டார். அப்படி எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அப்பாவுக்கு ஒரு காப்பி வந்தது. அப்பா இந்த முறை கையில் வாங்கிக்கொண்டார்.

ஐந்தாம் நம்பர் வெகுநாள் காலியாகக் கிடந்தது. ஒரு நாள் மகாராஜபுரத்திலிருந்து ஒரு புருஷன் பெண்சாதி கைக்குழந்தையோடு வீடு பார்க்க வந்தார்கள். அப்பா கதவைத் திறந்து காட்டினார். எல்லாம் பார்த்துவிட்டு, அந்தப் பெண் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு, “தண்ணி எப்பிடிங்க அய்யா? பிள்ளைக்குக் குடுக்கலாமா?” என்று கேட்டாள்.

அப்பா வாயைத் திறந்தார். நல்ல தண்ணீர்தான், சோதனைத் தாளும் வீட்டில் இருந்தது. ஆனாலும் நாலாம் நம்பர் கதவைக் கையால் காட்டினார்.

“அந்த வீட்டுல ஒரு அம்மா இருக்காக. அவுககிட்ட கேளுங்க” என்றார். “அவுக என்ன சொல்லுதாகளோ, அதுதான்.”

அவர்கள் போய்க் கதவைத் தட்டினார்கள். அப்பா இருந்த இடத்திலேயே கைகட்டி நின்று, அந்தப் பதிலுக்காக அவர்களோடு சேர்ந்து காத்திருந்தார்.